பின்சக்கரத்தை அகட்டியபோது

டிராக்டர் வாங்கி ஏழு மாதம்வரை அதன் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நான் அளந்து பார்த்ததே இல்லை. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன், ஹைட்ராலிக் கை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு தேடினேன், விலையில் 300 வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொல்லி நின்றேன். அளவு நாடாவை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரமாக நாலு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறேன். சுற்றிலும் பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது. அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்கள் கூட்டாகத் தோட்டம் வாங்குவதற்கென்று 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவும் பங்கு எடுத்தார். கையில் நிலம் இல்லாதவனுக்கு ஊரே இல்லை என்பார். குத்தகைதான் என்றாலும் இந்த நாலு ஏக்கரை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

நிலத்தில் பாதி சமதளம். மிளகாய், வெண்டை, பயற்றங்காய். மீதி சரிவு, அங்கே வாழை. வண்டி 27 குதிரைசக்தி, ஜப்பானில் ஓடிவிட்டு, சரிபார்த்து விற்கும் பழைய வண்டியாக, ரீகோனாக இங்கே வந்தது. அந்த நாட்டு நெல்வயலுக்கென்று செய்த வண்டி. சேற்றில் திரும்பவும் குறுகலான வரப்பு வழியில் போகவும் வசதியாகச் சக்கரங்களை நெருக்கி வைத்திருந்தார்கள். வயலுக்கு அது சரி. வாழைச் சரிவுக்குச் சரியில்லை என்பதை ஒரு மழை நாளுக்கு மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

சரிவுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தேன். கீழ்ப்பக்கச் சக்கரம், மக்கிப்போன ரப்பர்க் கட்டையின் குழியில் இறங்கியது. மேல்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஒரு சாண் உயரம் இருக்கலாம். கிளட்சை மிதித்தேன், வண்டி நின்றது, சக்கரம் மெல்லத் தரையில் உட்கார்ந்தது. வண்டியில் ரோல்பார், அதாவது கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவு, இருந்தது, ஆனால் நான் பெல்ட் போட்டிருக்கவில்லை. ரோல்பார் உள்ள வண்டியில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால், கவிழும்போது ஆள் வெளியே விழுந்து அந்தக் கம்பிக்கே அடியில் சிக்குவான். ரோல்பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது. இதை அன்றைக்கு முன்னால் யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து நிலத்து அண்ணன் முப்பது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஒன் வண்டி காலை ஒட்டி வச்சிக்கிட்டு நிக்குது. மேட்டுல நிக்கிறவன் காலை அகட்டித்தானே நிப்பான்? சக்கரத்தை அகட்டி வுடு" என்றார்.

"அதெல்லாம் கம்பெனி வச்ச அளவுண்ணே, மாத்த முடியுமா?"

"கம்பெனிதான் மாத்துறதுக்கு வழியும் வச்சிருக்கான். மொதல்ல அளந்து பாரு."

அளப்பதற்கு அவர் காட்டிய முறை எளிது. சக்கர மையத்திலிருந்து மையத்துக்கு நாடா பிடித்தால் வண்டியின் உடம்பு குறுக்கே நிற்கும். அதற்குப் பதில் பின்னால் தரையோரமாக, இடது டயரின் இடது விளிம்பிலிருந்து வலது டயரின் இடது விளிம்புவரை அளக்க வேண்டும். இரண்டு டயரும் ஒரே அகலம் என்பதால் மையத்துக்கு மையம் அளந்ததும் அதுவும் ஒன்றுதான். எனக்கு வந்தது 95 செ.மீ. டயர் அகலம் 24 செ.மீ. ஆக வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 119.

அடுத்து டிஸ்க். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டு தட்டையாக இருக்காது, கிண்ணம்போல் குழிந்திருக்கும். அந்தக் குழிவினால் டயரின் நடுக்கோடும் அச்சில் நட்டு முடுக்கும் முகமும் ஒரே இடத்தில் வராது. என் வண்டியில் டயரின் நடுக்கோடு அந்த முகத்துக்கு 6 செ.மீ. உள்ளே தள்ளி இருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டினால் அதே 6 செ.மீ. வெளியே போகும். ஆக ஒரு சக்கரத்துக்கு 12, இரண்டுக்கும் சேர்த்து 24. 95 என்பது 119 ஆகிவிடும். ஒரு வெள்ளி செலவில்லாமல்.

என் வண்டியில் டிஸ்க்கும் ரிம்மும் சேர்த்து வெல்டிங் செய்தவை. அதனால் இரண்டே நிலைதான். சில வண்டிகளில் டிஸ்க் தனி, ரிம் தனி, நடுவே போல்ட். அவற்றில் டிஸ்க்கைக் கவிழ்க்கலாம், ரிம்மைத் திருப்பலாம், ரிம்மின் காதுகளை டிஸ்க்குக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ முடுக்கலாம். இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் எட்டு அகலம் கிடைக்கும். பெரிய வண்டிகளில் நீண்ட அச்சுத்தண்டின்மேல், சக்கரம் பொருந்தும் குடமான ஹப்பே நகரும். எது உங்கள் வண்டி என்பதை முதலில் குனிந்து பாருங்கள்.

அன்று இரவு இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் மகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்து, எந்தக் கோணத்தின் டேஞ்சன்ட் என்று பார்த்தாள். 95-க்கு ஏறக்குறைய 36 பாகை, 119-க்கு 42 பாகைக்குச் சற்று மேல். "அப்போ 40 பாகைச் சரிவுல போலாமாப்பா?" என்று கேட்டாள். போகவே கூடாது. இது வண்டி அசையாமல் கல்லாக நிற்கும்போது வரும் கணக்கு. முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடுவதால், பின்பக்கம் சாயத் தொடங்கும்போது முன்சக்கரங்கள் உடனே தாங்கிப் பிடிக்காது. குழி, கல், திருப்பம், பின்னால் தூக்கி வைத்த, மண்ணைக் கிளறும் ரோட்டாரி எல்லாம் சேர்ந்து அந்தக் கோணத்தைத் தின்றுவிடும். எனக்கு அந்தக் கணக்கு சொன்னது ஒன்றுதான்: உயரத்தை மாற்ற முடியாத வண்டியில் அகலம் என் கையில் இருக்கிறது.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். வாழைக்குலை வெட்டும் நேரம் நெருங்கியதால் வண்டியைப் பட்டணத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அரை நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். அழகாக இருக்கட்டும் என்று டிஸ்க்குக்குப் புதுச் சாயமும் அடித்திருந்தார்கள். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. எத்தனை நாள் கழித்து நட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் இடது பின்பக்கத்திலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். ரோட்டாரியின் கத்தி எதிலோ அடிக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இறங்கிப் பார்த்தபோது எல்லா நட்டும் விரலால் சுழன்றன. நட்டு ஏறும் புரிக்கம்பியான ஸ்டட்டில் இரண்டு ஒடிந்திருந்தன. டிஸ்க்கின் துளைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. கூம்பு நட்டு வந்து உட்காரும் துளை அப்படித் தேய்ந்தால் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. பழைய டிஸ்க் ஒரு ஜோடி, ஸ்டட், நட்டு, டயரைக் கழற்றி மாட்டும் கூலி என்று 600 வெள்ளிக்கு மேல் போனது. சரிவில் சக்கரம் கழன்றிருந்தால் வெள்ளிக் கணக்கோடு முடிந்திருக்காது.

காரணம் சாயம். டிஸ்க்கும் ஹப்பும் தொடும் முகத்தில் சாயம் கெட்டியாக இருந்தால், நட்டை முடுக்கும்போது அது இறுகியதுபோல் காட்டும். வண்டி ஓடச் சூட்டிலும் அதிர்விலும் சாயம் நசுங்கி விலகும். நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இழுவிசை போய்விடும். சக்கரத்தைப் பிடித்து வைப்பது அந்த இழுவிசைதான், நட்டின் இருப்பு அல்ல. துருவும் அப்படியே, காய்ந்த மண்ணும் அப்படியே. தொடும் முகம் இரண்டும் வெறும் இரும்பாக, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை நானே செய்தேன், அண்ணன் துணைக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. ஆகட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வேலை தண்ணீர். டயருக்கு எடை சேர்க்க முன்பே தண்ணீர் ஏற்றியிருந்தார்கள். உறையும் குளிர் நம் நாட்டில் இல்லை, வெறும் தண்ணீர் போதும். டியூப் இருந்தால் ரிம்மும் துருப்பிடிக்காது. ஆனால் கழற்றும்போது அதுவே எமன். என் டயர் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 100 லிட்டர் வந்தது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, டயரும் இரும்பும் தனி. வால்வைக் கீழே வரும்படி நிறுத்தி, ஊசியைக் கழற்றித் தண்ணீரை விட்டோம். அப்படியும் சக்கரம் கனமாகத்தான் இருந்தது. சக்கரம் சாய்ந்தால் பிடிக்கப் போகாதே, விட்டு விலகு என்று அண்ணன் மூன்று முறை சொன்னார். தோட்டத்தில் ஓர் ஆளின் கால் போனதைப் பார்த்தவர் அவர்.

இடம் செம்பனைக் குலை ஏற்றும் சிமெண்டு மேடை. மண்ணில் ஜேக் வைத்தால் மழைக்கால மண் ஜேக்கை விழுங்கிவிடும். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. இன்னொரு கட்டையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால், முன் அச்சு ஆடும் ஊசியின் மேல் வண்டி மொத்தமும் ஒருபக்கம் சாயும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜேக் போட்டோம். தூக்கியதும் அச்சின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது.

அடுத்தது எந்தச் சக்கரம் எங்கே போகிறது என்ற குழப்பம். இடது சக்கரத்தைக் கழற்றி, அதே பக்கத்தில் திருப்பி மாட்டினால் அகலம் கிடைக்கும், ஆனால் டயரின் பல் பின்னோக்கிப் போய்விடும். மேலிருந்து பார்த்தால் பற்களின் கூர்முனை முன்னோக்கி இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். தலைகீழாக மாட்டினால் சேறு வெளியே தள்ளப்படாமல் பல்லுக்குள் அடைந்துகொள்ளும். ஆகவே இடது சக்கரத்தை அதன் முகம் திரும்பாமல் அப்படியே வலது பக்கத்துக்கும், வலதை இடதுக்கும் கொண்டுபோக வேண்டும். கிண்ணம் தானாகக் கவிழ்ந்துவிடும், பல்லின் திசை மாறாது. உருட்டிக்கொண்டு போகும்போது தலை சுற்றும், அதனால் கழற்றுவதற்கு முன்னமே ஒவ்வொரு டயரிலும் சாக்கட்டியால் முன்னோக்கி ஓர் அம்பு போட்டுவிட்டோம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. வெளிப்பக்கம் இருந்த வால்வு இப்போது உள்பக்கம் போய்விடும். காற்று பார்க்கச் சேற்றுத் தகட்டுக்கும் டயருக்கும் நடுவே கையை நுழைக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, பிறகு வளைந்த கழுத்துள்ள காற்றுமுனை ஒன்று வாங்கிக்கொண்டேன்.

நட்டு உட்காரும் துளையையும் பாருங்கள். கூம்பு நட்டுக்குத் துளையும் கூம்பாகக் குடைந்திருக்க வேண்டும். என் டிஸ்க்கில் இரண்டு பக்கமும் குடைந்திருந்தது. அண்ணனுடைய பழைய வண்டியில் ஒரு பக்கம் மட்டும்தான். அதைக் கவிழ்த்தால் கூம்பு நட்டு தட்டை விளிம்பில் கோடுபோல் தொட்டு நிற்கும், கொஞ்ச நாளில் தளரும். அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த நிலைக்கென்று என்ன நட்டு, என்ன வாஷர் என்று பாகங்கள் புத்தகத்தில் பார்த்துத்தான் போட வேண்டும்.

முடுக்குவது நட்சத்திர வரிசையில். ஒன்றை முடுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதுக்குப் போக வேண்டும். முதல் சுற்று பாதி இறுக்கம், அடுத்த சுற்று முழு இறுக்கம், அதுவும் சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகு. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டோர்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு அண்ணன் வழி ஒன்று: 200 நியூட்டன் மீட்டர் என்று புத்தகம் சொன்னால், 1 மீட்டர் நீளப் பிடியின் முனையில் 20 கிலோ எடை அழுத்துவதற்கு ஏறக்குறைய சமம். அரை மீட்டர் பிடி என்றால் 40 கிலோ. ஆளே ஏறி நின்று மிதிப்பது முடுக்குவது அல்ல, ஸ்டட்டை இழுத்து நீட்டுவது. நான் பிறகு ஒரு டோர்க் ரென்ச் வாங்கிவிட்டேன். 600 வெள்ளி இழந்தவனுக்கு அது பெரிய செலவாகத் தெரியவில்லை.

அப்புறம் மறுமுடுக்கு. 200 மீட்டர் ஓட்டி நிறுத்தி முடுக்கினோம். ஒரு நட்டு இன்னும் கொஞ்சம் சுற்று வாங்கியது. அன்று சாயங்காலம் மறுபடி. அடுத்த பத்து மணி நேர வேலைவரை தினமும் காலையில், பிறகு 50 மணி நேரத்தில் ஒருமுறை. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு நட்டிலிருந்து டிஸ்க்குவரை வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. ஸ்பேனர் இல்லாமலே, காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரிவில் வித்தியாசம் முதல் நாளே உடம்புக்குத் தெரிந்தது. இருக்கையில் இடுப்பு மேல்பக்கமாகச் சாய்ந்துகொள்ளவில்லை. ஆனாலும் ஈர மண்ணில் குறுக்கே போவதை விட்டுவிட்டேன். முடிந்த இடத்தில் நேர் ஏற்றம், நேர் இறக்கம்.

நான் எதிர்பாராத தொல்லைகள் வேறு இடங்களில் இருந்தன. நிலத்துக்குள் நுழைய ஒரு பாரிட்டை, அதாவது வடிகாலைத் தாண்ட வேண்டும். அதன்மேல் இரண்டு கனத்த பலகை போட்டிருந்தேன், பழைய சக்கர அளவுக்கு. அகட்டிய மறுநாள் காலை அந்தப் பலகைக்கு முன் வந்து நின்றபோதுதான், டயரில் பாதி காற்றில் போகும் என்று புரிந்தது. கெட்டிக்காரத்தனமாக ஏறிப் பார்க்காமல் இறங்கினேனே, அந்த மட்டும் நல்லது. பலகையை 24 செ.மீ. விலக்கிப் போட அரை நாள். லோரியில் ஏற்றும் சாய்வுத் தண்டவாளமும் இதே கதைதான்.

இன்னொன்று ரோட்டாரி. அதன் அகலம் 130 செ.மீ. முன்பு டயரின் வெளிவிளிம்பு 119 என்பதால் சக்கரத் தடத்தை ரோட்டாரி அழித்துக்கொண்டே போகும். இப்போது வெளிவிளிம்பு 143. இரண்டு பக்கமும் ஆறரை செ.மீ. தடம் உழாமல் இறுகிக் கிடந்தது. மிளகாய்க்கு அந்த இறுகல் ஆகாது, வேர் ஓடாது. ரோட்டாரியின் கொக்கிப் பிடிகளைச் சட்டத்தில் நகர்த்தி, அதை 7 செ.மீ. வலப்பக்கம் தள்ளி மாட்டினேன். வலது தடம் அழிகிறது, இடது தடத்தை அடுத்த சாலில் அழிக்கிறேன்.

பாத்திக்கோ இந்த அகலம் வரமாக வந்தது. சால் நடுவிலிருந்து சால் நடுவுக்கு 120 செ.மீ. வைத்துப் பாத்தி போட்டேன். சக்கரங்கள் 119. இரண்டு டயரும் சாலுக்குள்ளேயே ஓடுகின்றன, பாத்திமேல் ஏறுவதில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் பாத்தியின் தோளை மிதித்துவிட்டு, சங்குலோடு (மண்வெட்டியோடு) பின்னாலேயே நடந்து ஏற்றிக்கட்டுவேன்.

சிலர் இதற்கும் மேல் அகட்ட லேத் கடையில், டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் இரும்புத் துண்டான ஸ்பேசர் கடைந்து போடுகிறார்கள். பக்கத்துக்கு 5 செ.மீ. ஸ்பேசர் என்றால் மொத்தம் 10 கூடும். டிஸ்க்கைக் கவிழ்ப்பது வண்டி செய்தவர்களே கொடுத்த நிலை. அச்சும் பேரிங்கும் அதைத் தாங்கும் என்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் தள்ளும் ஒவ்வொரு செ.மீ.-யும் அச்சை வளைக்கும் நெம்புகோலை நீட்டுகிறது. ஸ்டட் நீளம் போதாமல் நட்டு நாலு புரியில் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு 119 போதும். பெரிய விட்டமுள்ள டயர் போட்டு அகலம் தேடுவதும் வேண்டாம். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்டயர் விட்டமும் பின்டயர் விட்டமும் ஒரு கணக்கில் இருக்கின்றன, ஒன்றை மட்டும் மாற்றினால் கியர் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

கடைசியில் தண்ணீரைத் திரும்ப ஏற்றினோம். வால்வை உச்சியில் நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வரும்வரை. முக்கால் டயர் நிறையும், மீதி காற்று. எடை அச்சுக்குக் கீழே சேர்வதால் சரிவில் அதுவும் ஒரு கை கொடுக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய வண்டி. அவருக்கான தட்டை நட்டும் வாஷரும் நேற்று ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தன. "சாயம் கொண்டாந்தா கையை ஒடிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். கம்பி பிரஷ்ஷும் சாக்கட்டியும்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.